கொரியாவில் சம்பளம் யார் கொடுத்தார்கள்?

கன்வென்ஷன் கூட்டங்களில் தென்கொரியாவின் பெயர் அடிபடாத வருஷமே இல்லை. அதிகாலை ஜெபம், ஜெபமலை, சியோலின் யொய்தோ சபையின் லட்சக்கணக்கான விசுவாசிகள் என்று மூன்றையும் அடுக்கிவிட்டு, நாமும் அப்படி ஜெபித்தால் இங்கேயும் நடக்கும் என்று முடிப்பார்கள். ஜெபத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் கொரியத் திருச்சபையின் முதல் முப்பது வருஷ வரலாற்றை எடுத்து வாசித்தால், ஜெபத்தோடு கூடவே வேறு ஒன்றும் திரும்பத் திரும்ப வருகிறது: ஊழியக்காரருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, கோயில் கட்டக் காசு எங்கிருந்து வருவது, வேதபாட வகுப்புக்கு வருகிறவனின் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு. இந்தச் சில்லறைக் கேள்விகளுக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில்தான் அந்தச் சபையை வளர்த்தது. இன்றைக்கு அதை வாட்டுகிற நோய்களில் பாதி அதே பதிலிலிருந்து முளைத்தவைதான் என்பது என் கணிப்பு.

கொரியாவுக்குக் கிறிஸ்தவம் மிஷனெரிகள் மூலமாக முதலில் வரவில்லை. கத்தோலிக்கத்தை 1784இல் கொண்டுவந்தவர் யி சங்-ஹுன் என்ற கொரியர். அரசுத் தூதுக் குழுவோடு பெய்ஜிங் போனவர், அங்கே ஞானஸ்நானம் பெற்று, ஊர் திரும்பித் தன் நண்பர்களுக்கு அவரே கொடுத்தார். முதல் குருவானவர் நாட்டுக்குள் வந்து சேர அதற்குப் பிறகு பத்து வருஷம் ஆனது. புராட்டஸ்டண்டு கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ராஸ் மஞ்சூரியாவில் இருந்துகொண்டு, எல்லை தாண்டி வந்த கொரிய வியாபாரிகளை வைத்து மொழிபெயர்ப்பு வேலையைத் தொடங்கினார். 1882இல் லூக்காவும் யோவானும் அச்சாயின, 1887இல் முழுப் புதிய ஏற்பாடும். அந்த வியாபாரிகளில் ஒருவரான சோ சாங்-ர்யுன் புத்தகங்களைச் சுமந்துகொண்டு சோரே என்ற கடலோரக் கிராமத்துக்கு வந்து குடியேறினார். அமெரிக்க மிஷனெரிகள் அண்டர்வுட்டும் அப்பென்செல்லரும் 1885 ஏப்ரல் 5 அன்று கப்பலில் வந்து இறங்கியபோது, சோரேயில் ஏற்கெனவே ஒரு சபை கூடிக்கொண்டிருந்தது. 1887இல் சியோலில் அண்டர்வுட் 14 பேரோடு தொடங்கிய சபையில் பெரும்பாலோர் சோ சாங்-ர்யுன் மூலம் வந்தவர்கள். வந்தவர்கள் அறுவடைதான் செய்தார்கள் என்று கொரியர்கள் இன்றும் கொஞ்சம் பெருமையோடு சொல்வதற்கு இதுதான் காரணம்.

1890 ஜூனில் சீனாவிலிருந்து ஒரு வயதான மிஷனெரி இரண்டு வாரத்துக்கு சியோல் வந்தார். பெயர் ஜான் நெவியஸ். 1854இலேயே சீனா போய், ஷாண்டோங் மாகாணத்தில் வேலை செய்தவர். இன்றைக்கு சீனா முழுவதும் பேர்பெற்ற யாண்டாய் ஆப்பிளுக்குத் தொடக்கம், அவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட கன்றுகள்தான். சியோலில் இருந்த பிரஸ்பிட்டேரியன் மிஷனெரிகள் எல்லோரும் அனுபவமில்லாத இளைஞர்கள். எப்படித் தொடங்குவது என்று அவர்கள் கேட்க, எப்படித் தொடங்கக் கூடாது என்பதிலிருந்து அவர் ஆரம்பித்தார்.

அவர் காலத்தில் பெரும்பாலான மிஷன்கள் செய்துவந்தது இதுதான். மிஷனெரி ஓர் ஊருக்குப் போவார். முதலில் மனந்திரும்பும் நாலைந்து பேரில் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவராகப் பார்த்து, உபதேசியாராக்கி, மாதச் சம்பளம் போடுவார். ஷாண்டோங்கில் அதன் விளைவுகளை வருஷக்கணக்காகப் பார்த்தவர் நெவியஸ். நேற்றுவரை தன் கடையில் உட்கார்ந்து இயேசுவைப் பற்றிப் பேசியவனை அக்கம்பக்கத்தார் காதுகொடுத்துக் கேட்டார்கள். சம்பளம் வாங்கத் தொடங்கியதும், வெள்ளைக்காரன் கொடுக்கிற காசுக்குப் பேசுகிறான் என்று ஒதுக்கினார்கள். சம்பளம் கிடைக்காத மற்ற விசுவாசிகளோ, பேசுவது அவன் வேலை, நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டார்கள். வேலை கிடைக்கும் என்று வருகிறவன் யார், விசுவாசித்து வருகிறவன் யார் என்று மிஷனெரிக்கே பிரித்துப் பார்க்க முடியாமல் போனது. அமெரிக்காவில் ஒரு வருஷம் வசூல் குறைந்தால் சீனாவில் ஊழியம் நின்றது.

அவர் சொன்ன மாற்று நான்கே விதிகள். விசுவாசத்துக்கு வந்தவன் தன் தொழிலை விடக் கூடாது, விவசாயி விவசாயியாகவே இருந்து பக்கத்து வீட்டுக்குச் சொல்லட்டும் (இதற்கு அவர் காட்டிய வசனம் 1 கொரிந்தியர் 7:20). உள்ளூர்ச் சபை தாங்கி நடத்தக்கூடிய அளவுக்குத்தான் எந்த ஏற்பாட்டையும் தொடங்க வேண்டும். முழுநேர ஊழியரைச் சபையே தேர்ந்தெடுத்து, சபையே சம்பளம் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் முழுநேர ஊழியரே வேண்டாம். கோயிலை அந்த ஊர்ப் பாணியில் அந்த ஊரார் காசில் கட்ட வேண்டும். இதோடு ஒட்டி இன்னொன்று: சம்பளத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேதபாடத்தை வைக்க வேண்டும், எல்லோருக்கும், திரும்பத் திரும்ப.

கொரியக் கிராமத்தில் இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். முதலில் புத்தகம் விற்கிறவர் வருவார். சுவிசேஷப் பிரதியை இலவசமாகக் கொடுப்பதில்லை. விலை மிகக் குறைவு, ஆனால் விலை உண்டு. கொரிய வீடுகளில் முன்பக்கம் 'சரங்பாங்' என்று ஆண்கள் உட்கார்ந்து பேசும் அறை ஒன்று இருக்கும். நம்மூர்த் திண்ணைக்குச் சுவர் எழுப்பி, தரையில் சூடு போட்டதுபோல. வாங்கிய புத்தகத்தை அங்கே நாலு பேர் வாசிப்பார்கள். பிறகு ஒருவர் அந்தக் குழுவுக்குத் தலைவராவார். அவருக்கு 'யங்சு' என்று பெயர், சம்பளம் ஒரு காசு கிடையாது. இப்படிப் பல ஊர்க் குழுக்களைச் சுற்றிப் பார்க்க 'ஜோசா' என்ற உதவியாளர் ஒருவர். அவருக்குச் சம்பளம் உண்டு, அதை அந்த ஊர்கள் எல்லாம் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலேதான் மிஷனெரி. வருஷத்தில் ஓரிரு முறை வந்து, கேள்வி கேட்டுப் பரிசோதித்து, ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார்.

அந்தப் பரிசோதனை லேசானதல்ல. கேட்ட உடனே ஞானஸ்நானம் கிடையாது. குறைந்தது ஆறு மாதம் கற்கிறவர் பட்டியலில் இருக்க வேண்டும். முன்னோர் படையலை விட்டாயா, குடியை விட்டாயா, வைப்பாட்டி உண்டா, ஞாயிற்றுக்கிழமை கடையை மூடுகிறாயா என்று கேட்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்களைக் கற்றுக்கொண்டு வரச் சொல்வார்கள். வேறு யாருக்காவது சொல்லிக் கொடுத்தாயா என்ற கேள்வியும் வரும். இல்லை என்றால் அடுத்த முறை பார்க்கலாம் என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே ஞானஸ்நானம் பெற்ற நாளிலேயே ஒவ்வொருவரும் ஓரளவு ஊழியக்காரராகத்தான் இருந்தார்.

காசு எங்கிருந்து வந்தது? கிராமத்தில் காசு இல்லை, அரிசி இருந்தது. உலையில் அரிசி போடும்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் கணக்குக்கும் ஒரு கரண்டி எடுத்துத் துணிப்பையில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவது பெண்கள் வழக்கம். 'சங்மி' என்று பெயர். மிசோரம் சபைகளில் இன்றும் நடக்கிற கைப்பிடி அரிசிக் காணிக்கையும் ஏறக்குறைய இதேதான். ஜோசாவின் வயிறு இந்த அரிசியில்தான் நிறைந்தது. அரிசிகூடக் கொடுக்க முடியாதவர்கள் நாட்களைக் கொடுத்தார்கள்: வருஷத்தில் இத்தனை நாள் என் சொந்தச் செலவில் பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சொல்வேன் என்று வகுப்பின் முடிவில் எழுதிக் கொடுப்பது. 'நாள் காணிக்கை' என்றே அதற்குப் பெயர். பணக் காணிக்கையைவிட இது பெரிய கண்டுபிடிப்பு என்பேன். குளிர்காலத்தில் வயல்வேலை இல்லாத விவசாயியிடம் உபரியாக இருப்பது நாட்கள் மட்டும்தானே.

வேதபாட வகுப்பு ஒரு வாரம், பத்து நாள் என்று நடக்கும். வருகிறவர்கள் அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு, நூறு மைல்கூட நடந்து வருவார்கள். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சொந்தச் செலவு. 1907 ஜனவரியில் பியாங்யாங்கின் ஜாங்டேஹ்யன் கோயிலில் வெடித்த பெரிய எழுப்புதல் இப்படி ஒரு குளிர்கால வகுப்பில்தான் நடந்தது. எழுப்புதலைப் பற்றிச் சொல்கிறவர்கள் சபை மூப்பர் கில் சன்-ஜு எல்லோர் முன்னிலும் தன் பாவத்தை அறிக்கையிட்டதையும், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபித்ததையும் சொல்வார்கள். அந்தக் கூட்டத்தில் வெளியார் காசில் சாப்பிட்டவர் யாரும் இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

கோயில் கட்டியதற்கு ஓர் உதாரணம், ஜெயோல்லா பகுதியில் கிம்ஜே அருகே உள்ள கும்சான் கோயில். 1908இல் கட்டியது இன்றும் நிற்கிறது. மரச் சட்டம், மண் சுவர். கட்டடம் ட வடிவில் இரண்டு கைகளாக மடங்கியிருக்கும். ஒரு கையில் ஆண்கள், இன்னொன்றில் பெண்கள், மடிப்பில் நின்று பிரசங்கிக்கிறவர் இரண்டு பக்கத்துக்கும் தெரிவார். ஆண்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார வேண்டும் என்ற அன்றைய ஊர்க்கட்டுப்பாட்டை மீறாமலே எல்லோரையும் ஒரே ஆராதனையில் சேர்க்க அவர்கள் செய்த தச்சு வேலை அது. மிஷன் பணத்தில் மிஷனெரி வரைபடத்தில் கட்டியிருந்தால் செங்கல்லில் கோபுரம் வைத்த ஓர் அமெரிக்கக் கோயில்தான் வந்திருக்கும்.

அதே கும்சானில் சபை மூப்பரைத் தேர்ந்தெடுத்த கதை கொரியக் கிறிஸ்தவர்கள் பலருக்கும் தெரியும். சோ டக்-சாம் ஊரின் நிலக்கிழார், கூட்டம் முதலில் நடந்ததே அவர் வீட்டில். இ ஜா-இக் அவர் வீட்டுக் குதிரைக்காரர். வாக்கெடுப்பில் குதிரைக்காரர் ஜெயித்தார். நிலக்கிழார் எழுந்து நின்று சபையின் முடிவை ஏற்றுக்கொண்டார், பிறகு அந்தக் குதிரைக்காரரைத் தன் செலவில் பியாங்யாங் இறையியல் பள்ளிக்கு அனுப்பினார். இ ஜா-இக் போதகராகி, மூன்று முறை பிரஸ்பிட்டேரியன் பொதுச்சபையின் தலைவராக இருந்தார். ஆட்களைச் சம்பளம் கொடுத்து மிஷனெரி நியமித்திருந்தால், அந்த ஊரில் நிலக்கிழாரைத் தவிர வேறு யாரை நியமித்திருப்பார்?

முறை மட்டும் போதாது, நேரமும் இடமும் பொருந்த வேண்டும். நெவியஸ் தன் சொந்த ஷாண்டோங்கில் இதே முறையில் அவ்வளவாக வெற்றி பெறவில்லை. அங்கே உடன் ஊழியர் கால்வின் மேட்டியரே இதை எதிர்த்தார். ஏற்கெனவே சம்பளம் வாங்கிப் பழகிய இடத்தில் சம்பளத்தை நிறுத்துவது, முதலிலிருந்தே கொடுக்காமல் இருப்பதைவிடப் பல மடங்கு கடினம். கொரியாவில் நிறுத்துவதற்கு எதுவுமே இருக்கவில்லை. அடுத்தது எழுத்து. மேட்டுக்குடியார் சீன எழுத்தையே எழுத்து என்று மதித்து, கொரிய மொழிக்கே உரிய எழுத்தான ஹங்குலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மிஷனெரிகள் 1893இல் வகுத்த கொள்கையில், எல்லாப் புத்தகங்களும் கலப்பில்லாத கொரியனில்தான் வர வேண்டும், மேட்டுக்குடியைவிட உழைக்கும் மக்களையும் பெண்களையும் நாட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். சில வாரங்களில் கற்றுவிடக்கூடிய எழுத்து என்பதால் கிராமத்துப் பெண்ணும் வாசிக்கத் தொடங்கினாள். வேதப் புத்தகம் சுமந்து வீடு வீடாகப் போன வேதாகமப் பெண்கள் அப்படித்தான் உருவானார்கள். மிஷன்களுக்குள்ளும் எல்லை பிரித்துக்கொண்டார்கள்: தென்கிழக்கு ஆஸ்திரேலியர்களுக்கு, வடகிழக்கு கனடாக்காரர்களுக்கு, தென்மேற்கு அமெரிக்கத் தென்பகுதிப் பிரஸ்பிட்டேரியன்களுக்கு என்று. ஒரே ஊரில் இரண்டு மிஷன் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றிவிடும் வேலை இல்லாமல் போனது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கொரியாவை அடிமைப்படுத்தியது ஒரு கிறிஸ்தவ வல்லரசு அல்ல, ஜப்பான். இந்தியாவில் கிறிஸ்தவன் என்றால் வெள்ளைக்காரன் பக்கம் என்ற சந்தேகம் தேசிய இயக்கக் காலம் முழுவதும் நிழலாகத் தொடர்ந்தது. கொரியாவில் அதற்கு நேர்மாறு. 1919 மார்ச் 1 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள். இந்த ஒரு வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல், கொரியாவில் நடந்தது ஏன் நம் நாட்டில் நடக்கவில்லை என்று கேட்பது வீண்.

நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதன் கொள்கை: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வேதநாயகம் அசரியா 1910இல் எடின்பர்க் உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். அதே மாநாட்டுக்குக் கொரியாவிலிருந்து யூன் சி-ஹோவும் வந்திருந்தார். மேற்கத்தியர்கள் நிறைந்த அந்த மண்டபத்தில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தியாகம் செய்தீர்கள், பணம் கொடுத்தீர்கள், நட்பையும் கொடுங்கள் என்று அசரியா கேட்டது பலருக்குக் கசந்தது.

சரி, முறை எங்கே பிசகியது?

முதலில், மிஷனெரிகள் தங்களுக்கு அந்த விதியைப் பொருத்திக்கொள்ளவில்லை. கொரியர்கள் மண் சுவரில் கோயில் கட்டியபோது அவர்கள் செங்கல் பங்களாவில்தான் இருந்தார்கள். மருத்துவமனைகளும் கல்லூரிகளும் அமெரிக்க நன்கொடையில் எழுந்தன, அவற்றின் நிர்வாகமும் அமெரிக்கர் கையிலேயே இருந்தது. பியாங்யாங் இறையியல் பள்ளியில் வருஷத்துக்கு மூன்று மாதம் படிப்பு, மீதி ஒன்பது மாதம் ஊழியம் என்று ஐந்து வருஷம். களத்திலிருந்து ஆளைப் பிரிக்காத அருமையான ஏற்பாடு அது. ஆனால் போதகரின் படிப்பு ஜனங்களின் படிப்பைவிடக் கொஞ்சம்தான் மேலே இருக்க வேண்டும் என்று அளந்து வைத்தார்கள். சம்பளத்தைச் சபை கொடுத்தது, சிந்தனையை மிஷனெரி கொடுத்தார். கேள்வி கேட்காத ஒரு பழமைவாதம் அங்கே வேரூன்றியதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, எண்ணிக்கை ஆசை. 1907 எழுப்புதலின் சூட்டில், 1909-10இல் 'பத்து லட்சம் ஆத்துமாக்கள்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். மாற்கு சுவிசேஷத்தை லட்சக்கணக்கில் அச்சிட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் நாள் காணிக்கை எழுதினார்கள். இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆறு மாதம் காத்திருந்து ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டுச் சேர்க்கிற முறைக்கும், தேதி குறித்துத் தலை எண்ணுகிற இயக்கத்துக்கும் ஒத்துவராது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது அடி வெளியிலிருந்து வந்தது. எல்லோரும் ஜப்பானியரின் ஷின்டோ மதக் கோயிலில் வணங்க வேண்டும் என்று ஜப்பானிய அரசு கட்டாயப்படுத்த, 1938 செப்டம்பரில் பியாங்யாங்கில் கூடிய பிரஸ்பிட்டேரியன் பொதுச்சபை, போலீஸ் சூழ்ந்து உட்கார்ந்திருக்க, அதற்கு ஒப்புக்கொண்டது. மறுத்தவர்களில் போதகர் ஜு கி-சோல் 1944இல் சிறையில் செத்தார். விடுதலைக்குப் பிறகு மறுத்தவர்களும் வணங்கியவர்களும் ஒரே மேஜையில் உட்கார முடியவில்லை. 1950களில் தொடங்கிய பிளவு, இன்று பிரஸ்பிட்டேரியன் என்ற பெயரில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகக் கிடக்கிறது. நாடு பிரிந்தபோது, கிறிஸ்தவர்கள் மிகுந்த வடக்கு கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. தப்பி வந்தவர்கள் சியோலில் தொடங்கியதுதான் 1945இன் யங்நாக் சபை. போர்க்கால நிவாரணம், கோதுமையும் துணியும் பால் மாவும், சபைகள் வழியாக விநியோகமானது. நெவியஸ் எதைத் தவிர்க்கச் சொன்னாரோ அதுவே பின்வாசல் வழியாக உள்ளே வந்தது.

1960களுக்குப் பிறகு கிராமத்திலிருந்து சியோலுக்கு வந்து குவிந்த தொழிலாளிகள் மத்தியில் சபை பெருத்தது. சோ யோங்-கி 1958இல் கூடாரத்தில் தொடங்கிய சபை (பின்னாளில் யொய்தோ சபை), அவர் 1964இல் வேலைப் பளுவில் மயங்கி விழுந்த பிறகு, வீட்டுக் குழுக்களாகப் பிரிந்தது. தலைமை பெரும்பாலும் பெண்களிடம், சம்பளம் கிடையாது, எண்ணிக்கை கூடினால் குழு இரண்டாகும். உற்றுப் பார்த்தால் சம்பளமில்லாத பழைய யங்சுதான் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடி மாறியிருக்கிறார். 2015 மக்கள்தொகைக் கணக்கில் புராட்டஸ்டண்டுகள் 19.7 சதவீதம், கத்தோலிக்கர் 7.9 சதவீதம். மதமே இல்லை என்றவர்கள் 56.1 சதவீதம். அதாவது புராட்டஸ்டண்டு பங்கு அதற்கு இருபது வருஷத்துக்கு முன் ஏறக்குறைய எங்கே இருந்ததோ அங்கேயே நின்றது.

இங்கேதான் பழைய பதிலின் மறுபக்கம் தெரிகிறது. ஒவ்வொரு சபையும் தன் காசில் நிற்க வேண்டும் என்பது ஏழைக் கிராமத்தில் சுயமரியாதையைக் கொடுத்தது. பணக்கார நகரத்தில் அதே விதிக்கு அர்த்தம் வேறு: என் சபையின் காசு என் சபைக்கு. நம் டயோசிஸ் மாதிரி ஒரு பொதுப்பெட்டியிலிருந்து எல்லாப் போதகருக்கும் ஒரே சம்பளம் என்பது அங்கே இல்லை. பெரிய சபையின் போதகர் கம்பெனி முதலாளி மாதிரி இருப்பார். அதே தெருவில், மூன்றாம் மாடியில் வாடகை அறைக்கு மேல் சிவப்பு நியான் சிலுவை மாட்டியிருக்கும் சபையின் போதகர் ராத்திரியில் டெலிவரி வண்டி ஓட்டுவார். இறையியல் பள்ளிகளிலிருந்து வெளிவருகிறவர்களுக்குச் சபை போதவில்லை. சபையைக் கட்டியவரே அதன் சொந்தக்காரர் என்ற எண்ணம் வந்துவிட்டால், அடுத்தது வாரிசு. சியோலின் பெரிய சபைகளில் ஒன்றான மியங்சங் சபையில் 2017இல் தந்தைக்குப் பின் மகன் போதகரானார். அப்படிச் செய்யக் கூடாது என்று அவர்களுடைய திருச்சபைப் பிரிவு 2013இலேயே சட்டம் போட்டிருந்தது. இரண்டு வருஷச் சண்டைக்குப் பிறகு 2019 பொதுச்சபை, 2021 முதல் மகன் இருக்கலாம் என்று சமரசம் செய்துகொண்டது. சோ யோங்-கி 2014இல் சபைக்கு நிதி இழப்பு ஏற்படுத்திய வழக்கில் தண்டிக்கப்பட்டார், சிறைத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரே ஆள் ஒரே பெட்டிக்குச் சாவி வைத்திருந்தால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும். கொரியாவில் பெட்டி பெரிது, அவ்வளவே.

வெளிநாட்டு ஊழியத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தொடக்கம் நேர்த்தியாகத்தான் இருந்தது. 1907இல் முதல் ஏழு கொரியப் பிரஸ்பிட்டேரியன் போதகர்களுக்குப் பட்டம் கொடுத்த கையோடு, அவர்களில் ஒருவரான இ கி-புங்கை ஜேஜு தீவுக்கு மிஷனெரியாக அனுப்பினார்கள். பியாங்யாங் தெருவில் மிஷனெரி மோஃபெட் மீது ஒரு காலத்தில் கல்லெறிந்தவர் அவர். 1912இல் பொதுச்சபை உருவானதும், அடுத்த வருஷமே மூன்று போதகர்களைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். போன இடம் ஷாண்டோங், நெவியஸின் சொந்தக் களம். அங்கே கொரியப் பெயரில் தனிச் சபை தொடங்காமல், சீனத் திருச்சபையின் அங்கமாகவே வேலை செய்தார்கள். அந்த வரிசையில் 1937இல் போன பாங் ஜி-இல், கம்யூனிஸ்டு ஆட்சி வந்த பிறகும் 1957 வரை அங்கேயே இருந்தார். காலனி நாட்டு ஏழைச் சபை அனுப்பிய ஊழியம் இது.

இன்று வெளிநாடுகளில் இருக்கும் கொரிய மிஷனெரிகள் 20,000 பேருக்கு மேல். சபைக்குச் சபை தனித்தனியாக அனுப்புவதால், ஒரே நகரத்தில் பத்துப் பேர் ஒருவரை ஒருவர் அறியாமல் வேலை செய்வதுண்டு. அனுப்பிய சபை வருஷ முடிவில் படம் கேட்கும், கட்டடம்தான் படத்தில் நன்றாக விழும். ஆகவே கட்டடம் எழும்பும், வாசலில் கொரிய எழுத்தில் சபையின் பெயர் இருக்கும், உள்ளூர்ப் போதகருக்குச் சம்பளம் சியோலிலிருந்து வரும். பாட்டனார் எதை மறுத்து வளர்ந்தாரோ அதைப் பேரன் ஏற்றுமதி செய்கிறான்.

2007 ஜூலை 19 அன்று ஆப்கானிஸ்தானில் கஸ்னி அருகே ஒரு பேருந்தைத் தாலிபான் மறித்து, கொரியாவின் சேம்முல் சபை அனுப்பிய குழுவில் இருந்த 23 பேரைப் பிடித்தது. போதகர் உட்பட இரண்டு ஆண்கள் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் ஆகஸ்டு முடிவதற்குள் விடுதலையானார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து படையை வருஷ முடிவுக்குள் திரும்பப் பெறுவதாகவும் மிஷன் வேலையைத் தடை செய்வதாகவும் கொரிய அரசு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. குறுகிய காலக் குழு, பெரும்பாலோருக்கு மொழி தெரியாது, போர் நடக்கும் நெடுஞ்சாலையில் வாடகைப் பேருந்து. இதில் எந்த ஒன்றையும் அங்கே பல வருஷம் வாழ்ந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். சொந்த நாட்டில் எழுந்த கோபம் சபையின் பெயரை நெடுநாள் துரத்தியது. 2017இல் சீனா வடகிழக்கு எல்லையிலிருந்து கொரிய மிஷனெரிகள் பலரை வெளியேற்றியபோது, உள்ளூர்த் தலைவர்கள் தயாராக இருந்த இடங்களில் கூட்டம் தொடர்ந்தது. எல்லாம் கொரியரின் கையில் இருந்த இடங்களில் கதவு பூட்டிக்கொண்டது.

கொரிய மிஷன் அமைப்புகளுக்குள்ளேயே இப்போது இது பேசப்படுகிறது. எப்போது கிளம்புவது என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்கிறார்கள். நடைமுறையில் முட்டுவது சொத்தில்தான். உதாரணமாகக் கம்போடியா: 1993 அரசியல் சட்டப்படி அந்த நாட்டுக் குடிமக்களும் அந்த நாட்டுச் சட்ட அமைப்புகளும் மட்டுமே நிலம் வைத்துக்கொள்ளலாம். மிஷனெரி நிலம் வாங்கினால் பத்திரம் உள்ளூர்ப் போதகர் பெயரில் அல்லது நம்பிக்கையான விசுவாசி பெயரில் இருக்கும். பத்து வருஷத்தில் நிலத்தின் விலை ஏறும். பெயருக்குரியவர் இறந்தால் அவர் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கும் சபைக்கும் தொடர்பு இருக்காது. போதகருக்கும் மிஷனெரிக்கும் மனத்தாங்கல் வந்தால், கோயில் அன்றைக்கே போதகருடையது. இதற்குச் சட்டத்தில் சந்து தேடுவதைவிட, முதலில் சபையை அந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்து, நிர்வாகக் குழுவில் உள்ளூர் ஆட்களை வைத்து, அந்தக் குழு தன் காணிக்கையில் ஒரு பங்கையாவது போட்ட பிறகு நிலத்தைப் பார்ப்பது நல்லது. அதுவரை வாடகை இடமோ யாராவது ஒருவருடைய வீடோ போதும். கொரியாவில் சரங்பாங்கில் பல வருஷம் கூடிய பிறகுதான் பல ஊர்களில் கூரைக்கு வைக்கோல் வாங்கினார்கள்.